தொட்டியில் மீன், கையில் பதிவேடு

(மாவட்ட அளவிலான ஆசிரியர் பயிற்சி முகாமில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் ஒன்றாம் வகுப்புக்கு அரிச்சுவடி சொல்லித் தருபவர்களும் இருக்கிறீர்கள். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துபவர்களும் இருக்கிறீர்கள். இரு தரப்பினருக்கும் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் மீன் வளர்ப்பைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. மீனில் தொடங்கினாலும் நான் போய்ச் சேரும் இடம் நம்முடைய வகுப்பறைதான்.

பணி ஓய்வுக்குப் பிறகு, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் வசிக்கும் என் மகள் வீட்டில் அக்டோபரிலிருந்து மார்ச் கடைசி வரை தங்கியிருந்தேன். பேத்தி அங்கே ஓர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் வாரத்தில் ஓரிரு நாள் வகுப்புக்கு வந்து ஆசிரியருக்குத் துணையாக இருக்கலாம் என்றார்கள். முப்பது வருடத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்த கை சும்மா இருக்குமா? நானும் பெயர் கொடுத்துவிட்டேன்.

அந்த வகுப்பறையின் ஒரு மூலையில் சுமார் 200 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. நான்கு பக்கமும் தெர்மாகோல் போன்ற தடித்த அட்டையால் மூடியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு குளிரூட்டும் கருவி ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீரின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ். விரலை விட்டால் விறைக்கும். அட்டையைச் சற்று விலக்கிப் பார்த்தால் உள்ளே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. "மீன் எங்கே?" என்று பேத்தியிடம் கேட்டேன். "இன்னும் வரலை பாட்டி. மீன் வர்றதுக்கு முன்னாடி தண்ணி தயாராகணும்" என்றாள். அது எவ்வளவு பெரிய பாடம் என்பது எனக்கு ஜனவரியில்தான் விளங்கியது.

திட்டம் என்ன?

'வகுப்பறையில் டிரவுட்' என்பது அந்தத் திட்டத்தின் பெயர். டிரவுட் என்பது குளிர்ந்த, தெளிந்த, ஓடும் நீரில் வாழும் மீன். அந்த மீனையும் அது வாழும் ஓடைகளையும் காப்பதற்காக 1959-இல் மிச்சிகன் மாநிலத்தில் 'டிரவுட் அன்லிமிடெட்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அந்த அமைப்பும் பல மாநிலங்களின் மீன்வளத் துறைகளும் பள்ளிகளும் சேர்ந்து இத்திட்டத்தை நடத்துகின்றன. இலையுதிர் காலத்தில் அரசு மீன் பொரிப்பகத்திலிருந்து முட்டைகள் பள்ளிக்கு வரும். பிள்ளைகள் அவற்றைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளுக்கு இரை போட்டு, விரல் நீளம் வளர்த்து, வசந்த காலத்தில் துறை அனுமதித்த ஓடையில் விடுவார்கள்.

மீனை வைத்துச் சம்பாதிக்கும் திட்டம் இது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு பொரிப்பகம் ஒரே மாதத்தில் விடக்கூடிய குஞ்சுகளின் முன் ஒரு வகுப்பு வளர்க்கும் குஞ்சுகள் எம்மாத்திரம்? ஆற்றுக்கு அவர்கள் விடும் மீன் பெரிதில்லை. அந்த ஏழு மாதத்தில் பிள்ளைகளுக்குள் வளர்கிற பழக்கம்தான் பெரிது.

முட்டைக்குள் ஒரு கணக்கு

அக்டோபர் கடைசியில் முட்டைகள் வந்தன. பட்டாணியைவிடச் சற்றுச் சிறியவை. வெளிர் ஆரஞ்சு நிறம். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கருப்புப் புள்ளிகள். அவை குஞ்சின் கண்கள். கண் தெரியும் பருவத்துக்கு முன்னால் முட்டையை அசைத்தால் கரு இறந்துவிடும். கண் வந்தபின் ஓரளவு பயணம் தாங்கும். அதனால்தான் இந்தப் பருவத்தில் அனுப்புகிறார்கள். வெளிச்சமும் முட்டைக்கு ஆகாது. இயற்கையில் தாய் மீன் கூழாங்கல்லுக்கு அடியில் இருட்டில் முட்டையை மூடிவைக்கும். அந்த இருட்டைத் தரத்தான் தொட்டிக்கு அட்டை.

எப்போது பொரியும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஆசிரியை விடை சொல்லவில்லை. பொரிப்பகங்களில் நெடுங்காலமாகப் பயன்படும் ஓர் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதினார். பிரவுன் டிரவுட் என்ற அந்த வகை மீனின் முட்டை, கருவுற்ற நாளிலிருந்து பொரிக்க எடுக்கும் நாள்கள் இவை: தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால் சுமார் 41 நாள், 7.2 டிகிரியில் இருந்தால் சுமார் 64 நாள், 4.4 டிகிரியில் இருந்தால் சுமார் 100 நாள்.

"வெப்பநிலையையும் நாளையும் பெருக்கிப் பாருங்கள்" என்றார். 410, 461, 440 என்று வந்தது. எண்கள் அச்சாக ஒன்றாக இல்லை. ஆனால் அருகருகே இருக்கின்றன. ஒன்று குறைந்தால் மற்றது கூடுகிறது. நாம் ஏழாம் வகுப்பில் நடத்துகிற எதிர் விகிதம் இதுதானே! 'ஒரு வேலையை 6 பேர் 10 நாளில் முடித்தால்' என்று நாம் தொடங்குவோம். அங்கே முட்டையே அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தினமும் தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்து, கூட்டிக்கொண்டே வந்து, 'வெள்ளி அல்லது திங்கள்' என்று நாள் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமையே பாதி பொரிந்துவிட்டது. யாருக்கும் வருத்தமில்லை. ஏன் முந்தியது என்று பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார்கள்.

வெப்பநிலையைப் பார்க்க இருவர் கொண்ட முறை வைத்திருந்தார் ஆசிரியை. ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்காமல் இருவரும் தனித்தனியே எழுத வேண்டும். இரண்டுக்கும் அரை டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் மீண்டும் பார்க்க வேண்டும். பணம் செலவில்லாத ஏற்பாடு. நம் பள்ளியில் மழை அளப்பதற்கும், பயிரின் உயரம் அளப்பதற்கும் நாளைக்கே கொண்டுவரலாம்.

வெள்ளை முட்டைகள்

வந்தவை 200 முட்டைகள். அவற்றில் 11 பொரிக்காமலே வெள்ளையாகிவிட்டன. இறந்த முட்டையை அப்படியே விட்டால் அதில் பஞ்சு போல் பூஞ்சை படர்ந்து பக்கத்து முட்டைகளையும் பிடித்துக்கொள்ளும். அதனால் அன்றன்றைக்கு உறிஞ்சு குழாயால் எடுத்துவிட வேண்டும். அந்த வேலையும் பிள்ளைகளுடையதுதான். முறை வைத்துச் செய்தார்கள்.

பத்து வயதுப் பிள்ளையிடம் இறந்ததை எடுக்கச் சொல்லலாமா என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு பையன் முதல் நாள் குழாயைத் தொட மறுத்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நண்பன் எடுத்ததைப் பார்த்தான். மறுநாள் பதிவேட்டில் எண்ணை மட்டும் எழுதினான். அந்த வாரக் கடைசியில் தானே குழாயைக் கேட்டு வாங்கினான். ஒரு தாய் டிரவுட் ஆயிரத்துக்கு மேல் முட்டை இடுவதும், ஆற்றில் அவற்றில் மிகச் சிலவே முழு மீனாக வளர்வதும் அவனுக்குப் புத்தகத்தில் சொன்ன செய்தியாக இல்லை. அவன் கையிலிருந்த குழாயில் இருந்தது.

பொரித்த குஞ்சு பார்க்க வேடிக்கையாக இருக்கும். வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் பை ஒன்று. அதைத் தூக்க முடியாமல் தரையிலேயே கிடக்கும். அந்தப் பைதான் அதன் கட்டுச்சோறு. அது தீரும்வரை, அதாவது மூன்று நான்கு வாரம், வெளியிலிருந்து ஒரு துளி இரையும் வேண்டாம். பை வற்றியதும் குஞ்சு மேலே நீந்தி வரும். அப்போதுதான் மாவு போன்ற இரையைச் சிட்டிகை அளவு தூவத் தொடங்க வேண்டும். எங்கள் வகுப்பில் அது டிசம்பர் நடுவில் நடந்தது. ஆபத்தும் அன்றிலிருந்துதான் ஆரம்பம்.

தண்ணீர் ஏன் தயாராக வேண்டும்?

மீன் சுவாசிக்கும்போது செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகிறது. தின்னாமல் அடியில் தங்கும் இரை அழுகினாலும் அம்மோனியாதான். ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் எங்கே போகும்? அது மீனுக்கு நஞ்சு. வடிகட்டியில் குடியேறும் ஒரு வகை நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகை நுண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டின் கேடு மிகக் குறைவு. அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். நாம் 'நைட்ரஜன் சுழற்சி' என்று அம்புக்குறி போட்டு வரைகிற படம் முழுதும் அந்தத் தொட்டிக்குள் நடக்கிறது.

இந்த நுண்ணுயிரிகள் பெருக வாரக்கணக்கில் ஆகும். குளிர்ந்த நீரில் இன்னும் மெதுவாகப் பெருகும். முட்டை வருவதற்கு வெகு முன்பே தொட்டியை ஓடவிட்டது அதற்காகத்தான். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் இந்த நுண்ணுயிரிகளையும் கொல்லும், மீனையும் கொல்லும். அதையும் நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும். மீனை வளர்க்கிறோம் என்று பெயர். உண்மையில் அவர்கள் வளர்த்தது தண்ணீரை.

பதிவேட்டில் ஏழு கட்டங்கள் இருந்தன: தேதி, வெப்பநிலை, அமில காரத் தன்மை, அம்மோனியா, போட்ட இரை எத்தனை சிட்டிகை, இறந்தவை எத்தனை, எழுதியவர் பெயர். அம்மோனியாவைக் கண்டுபிடிக்கச் சிறு குழாயில் தண்ணீர் எடுத்துச் சில சொட்டு மருந்து விடுவார்கள். மஞ்சளாக இருந்தால் நல்லது. பச்சை ஏற ஏற ஆபத்து.

ஐந்து சிட்டிகை

ஜனவரி மாதம் ஒரு திங்கட்கிழமை. வெளியே முழங்கால் அளவு பனி. நான் வகுப்புக்குள் நுழைந்தபோது தொட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் சத்தமில்லாமல் நின்றார்கள். அடியில் குஞ்சுகள் வெள்ளை வயிறு தெரியக் கிடந்தன. ஆசிரியை காலை ஏழு மணிக்கே வந்து பார்த்துவிட்டார். நினைத்திருந்தால் பிள்ளைகள் வருவதற்குள் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு, தண்ணீரை மாற்றிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் இருந்திருக்கலாம். உயிரோடிருக்கும் குஞ்சுகளைக் காப்பாற்ற உடனே கொஞ்சம் தண்ணீரை மட்டும் மாற்றினார், இறந்தவற்றைத் தொடவில்லை. மாற்றுவதற்கு முன் ஒரு குழாய்த் தண்ணீரைத் தனியே எடுத்து வைத்திருந்தார்.

அன்று பதிவேடு எழுதும் முறை ஒரு சிறுமியுடையது. எண்ணினாள். 23. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் எழுதாமல் நின்றாள். பிறகு ஆசிரியையின் அருகில் வந்து மெல்லிய குரலில், "மூன்று என்று எழுதட்டுமா?" என்று கேட்டாள்.

ஆசிரியை திட்டவில்லை. பொய் சொல்லலாமா என்று அறிவுரையும் சொல்லவில்லை. "நீ எத்தனை எண்ணினாய்?" என்றார்.

"இருபத்து மூன்று."

"அப்படியென்றால் அதையே எழுது. எத்தனை என்று தெரிந்தால்தான் ஏன் என்று தேட முடியும்."

அவள் எழுதினாள். எடுத்து வைத்த தண்ணீரைச் சோதித்தார்கள். அடர்ந்த பச்சை. எல்லாரும் தரையில் உட்கார்ந்து முந்தைய வாரப் பக்கங்களைப் பார்த்தார்கள். வெப்பநிலை மாறவில்லை, அமில காரத் தன்மையும் மாறவில்லை. இரைக் கட்டத்தைப் படித்தான் ஒருவன்: இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு, ஐந்து. ஐந்து என்று எழுதியிருந்தது வெள்ளிக்கிழமை. எழுதியவர் பெயரும் இருந்தது. அதே சிறுமி.

அவள் கண் நிறைந்துவிட்டது. "சனி ஞாயிறு யாரும் வரமாட்டோம். பசிக்குமே என்று போட்டேன்" என்றாள். அன்பினால் போட்ட மூன்று சிட்டிகை. அவை தின்னப்படாமல் அடியில் அழுகி நஞ்சாகிவிட்டன.

அந்த இடத்தில் ஆசிரியை சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். வகுப்பைப் பார்த்து அவர் கேட்டார்: "வெள்ளிக்கிழமை அவள் இரண்டு என்று எழுதியிருந்தால் இன்று நாம் என்ன செய்துகொண்டிருப்போம்?"

"குளிரூட்டி கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றிக்கொண்டிருப்போம்" என்றான் ஒருவன்.

"நோய் வந்துவிட்டது என்று மருந்து போட்டிருப்போம்" என்றாள் இன்னொருத்தி.

"அவள் ஐந்து என்று எழுதியதால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தோம். மீதி மீன்களைக் காப்பாற்றப் போவது அந்த ஐந்துதான்" என்றார் ஆசிரியை.

அன்று இரை நிறுத்தினார்கள். அடியிலிருந்த கழிவை உறிஞ்சி எடுத்தார்கள். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினார்கள். மறுநாள் 9, அதற்கடுத்த நாள் 2, பிறகு நின்றது. பிள்ளைகளே புதிய விதி எழுதினார்கள். வெள்ளிக்கிழமையும் இரண்டு சிட்டிகைதான். விடுமுறை நாள்களில் பள்ளியின் காவலர் ஒரு சிட்டிகை போடுவார்; அவரும் பதிவேட்டில் எழுதிப் பெயர் போடுவார். அதைக் கேட்க அவரிடம் போன குழுவின் தலைவி யார் தெரியுமா? அதே சிறுமிதான்.

ஊசலும் மீனும்

இப்போது நம் பக்கம் வருவோம். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் எவ்வளவு வர வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். 9.8 வரும்படி நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிட்டு எழுதுகிற பிள்ளைகளை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். ஓம் விதிச் சோதனையில் எல்லாப் புள்ளிகளும் அடிஸ்கேல் பிடித்தது போல் நேர்கோட்டில் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். பொய் அளவு எழுதினாலும் ஊசல் ஆடிக்கொண்டேதான் இருக்கும். கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மதிப்பெண் மட்டும் கூடும். அப்படியிருக்க உண்மை அளவை எழுத அந்தப் பிள்ளைக்கு என்ன காரணம் இருக்கிறது?

உயிருள்ள ஒன்றை வகுப்பில் வைத்தால் அந்தக் காரணம் வந்துவிடுகிறது. மீன் நம் பதிவேட்டைப் படிப்பதில்லை. தண்ணீர் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அது வாழும் அல்லது சாகும். பதிவேட்டில் எழுதுகிற எண்ணை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்று ஒருமுறை உணர்ந்த பிள்ளைக்கு, உண்மை எண்ணின் மதிப்பை நாம் தனியாகப் போதிக்க வேண்டியதில்லை.

மே மாதம் மீன்களை ஓடையில் விட்டார்கள். அதற்கு முன்பே நான் ஊர் திரும்பிவிட்டேன். பேத்தி தொலைபேசியில் சொன்னாள்: "131 பாட்டி." 200-இல் 131. நூற்றைம்பது இருக்கும் என்று சொல்லியிருந்தாலும் எனக்கு என்ன தெரியப் போகிறது? "131தான். ரெண்டு தடவை எண்ணினோம்" என்றாள்.

மலையும் குழாயும்

அங்கே இந்தத் திட்டத்துக்கு இன்னொரு முகம் உண்டு. நியூயார்க் நகரம் குடிக்கும் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு, வடமேற்கே கேட்ஸ்கில் மலைப் பகுதியிலும் டெலவேர் ஆற்றுப் பகுதியிலும் உள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. அந்தத் தண்ணீரின் பெரும்பகுதி வடிகட்டும் ஆலை இல்லாமலே கிருமிநீக்கம் செய்து விநியோகிக்கப்படுகிறது. மலையில் ஓடை சுத்தமாக இருப்பதால் அது முடிகிறது. நகரத்துப் பிள்ளைகளும் மலையோரப் பிள்ளைகளும் ஒரே வகை மீனை வளர்த்து அந்த ஓடைகளில் விடும்போது, தன் வீட்டுக் குழாயின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று நகரத்துப் பிள்ளைக்குத் தெரிகிறது.

நம் பக்கத்திலும் டிரவுட்டுக்கு ஒரு கதை உண்டு. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1860-களில் நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் காலத்தில்தான் வானவில் டிரவுட் அங்கே நிலைபெற்றது. அவலாஞ்சியில் அதற்கான பொரிப்பகம் அமைந்தது. அந்தப் பக்கத்து ஓடைகள் குந்தாவாக இறங்கி பவானியில் சேர்கின்றன. பில்லூர் அணைத் தண்ணீரைக் குடிக்கும் கோவைப் பிள்ளையின் குழாயும் அந்த மலைக்குத்தான் போகிறது. சமூக அறிவியல் வகுப்பில் வரைபடத்தை விரித்து, உங்கள் ஊர்க் குழாயிலிருந்து மேல்நோக்கி விரலை நகர்த்தச் சொல்லுங்கள்.

அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்

உடனே ஒரு டிரவுட் தொட்டி வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். 10 டிகிரி தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5தான். நம் சமவெளி வெயிலில் அந்த மீனை வைத்திருக்க இரவு பகலாக மின்சாரம் செலவாகும். மேலும் அது நம் நாட்டு மீன் இல்லை. வெளியிலிருந்து வந்த எந்த மீனையும் ஏரியிலோ ஓடையிலோ விடக் கூடாது. கொசுவுக்காகக் கொண்டுவந்த கம்பூசியாவும், உணவுக்காகக் கொண்டுவந்த திலேப்பியாவும் உள்ளூர் மீன்களுக்குப் போட்டியாகிவிட்டதை நாம் பார்க்கிறோம்.

நம் வாசலிலேயே வேறொன்று இருக்கிறது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தைச் செடிகளின் தளிரில் உருண்டையாகச் சிறு முட்டை ஒன்று ஒட்டியிருக்கும். சில நாளில் பொரிந்து, பறவை எச்சம் போலவே தோற்றமளிக்கும் புழு வரும். வளர்ந்தபின் பச்சையாக மாறும். கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். ஓர் அகன்ற டப்பா, மேலே கொசுவலைத் துணி, தினமும் புதிய இலை. அவ்வளவுதான் செலவு. பறந்து போவதும் அது பிறந்த தோட்டத்துக்கே. இலை மட்டும் பள்ளித் தோட்டத்திலிருந்து வரட்டும். கடைக் கறிவேப்பிலையில் மருந்து தெளித்திருக்கலாம். சில கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் சிறு குளவிகள் வரும். புழுவின் உடலுக்குள் வளர்ந்த ஒட்டுண்ணி அது. பிள்ளைகள் ஏமாற்றமடைவார்கள். அதையும் எழுதச் சொல்லுங்கள்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தின்ற இலையை எண்ணலாம். மூன்றாம் வகுப்பு நீளத்தை மில்லிமீட்டரில் அளக்கலாம். ஏழாம் வகுப்பு கோட்டு வரைபடம் போடலாம். ஒன்பதாம் வகுப்பு வெயில் காலத்துக் குழுவையும் மழைக் காலத்துக் குழுவையும் ஒப்பிட்டு, அந்த முட்டைக் கணக்கு இங்கேயும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

இதைச் செய்யும் ஆசிரியர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, பிள்ளைகள் வருவதற்கு முன் எதையும் சரிசெய்து வைக்காதீர்கள். இறந்தது அவர்கள் கண்ணில் படட்டும். அவர்களே எண்ணட்டும்.

இரண்டாவது, இந்தப் பதிவேட்டுக்கு மதிப்பெண் போடாதீர்கள். மதிப்பெண் வந்த அன்றே அழகான எண்கள் வரத் தொடங்கிவிடும்.

மூன்றாவது, மோசமான எண்ணை எழுதிய பிள்ளையை அன்றைக்குக் கடிந்துகொள்ளாதீர்கள். தலைமையாசிரியர்களையும், பள்ளியைப் பார்வையிட வரும் அலுவலர்களையும் இதோடு சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். ஒரு வகுப்பின் பதிவேட்டில் 'இறந்தவை 6' என்று இருந்தால், ஏன் இப்படி என்று முகம் சுளிக்காதீர்கள். பிறகு என்ன கண்டுபிடித்தீர்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஆசிரியர் அஞ்சினால் பிள்ளையும் அஞ்சும். இருவரும் சேர்ந்து மூன்று என்று எழுதிவிடுவார்கள்.

வரும் வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து உங்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள். கட்டங்களை அவர்களே கோடு போட்டுப் பிரிக்கட்டும். 'இறந்தவை' என்ற கட்டத்தையும் 'எழுதியவர் பெயர்' என்ற கட்டத்தையும் மறக்காமல் போடச் சொல்லுங்கள். மற்றதை அந்தப் புழுவும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்வார்கள்.